அரை அங்குலம்

டக்… டக்… டடக். டக்… டக்… டடக்.

கேட்டுதுங்களா தம்பி? வாசல்ல செருப்பைக் கழற்றும்போதே கேட்டிருக்குமே. மூணு தையலுக்கு ஒருதரம் அப்படி ஒரு உதைப்பு. பதினேழு நாளா இதே பாட்டுத்தான். சங்கத்தை நடத்தற டீச்சரம்மாகிட்டச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். "மெக்கானிக் வருவார் துளசிமணி, வருவார்"னு அவங்களும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. இன்னைக்குத்தான் வந்திருக்கீங்க. உள்ளே வாங்க. குனிஞ்சு வாங்க, துணிக்கட்டு தலையில இடிக்கும். இருங்க, லைட்டைப் போடறேன்.

ஆமாங்க, ஸ்டோர் ரூம்தான். முன்னே என் மெஷின் ஹால்லதான் இருந்தது, ஜன்னலோரமா. சேர்ப்பு மெஷின் ஜன்னலோரம்தான் இருக்கும், வெளிச்சம் வேணுமில்ல? அப்புறம் டீச்சரம்மாதான், "உள்ளே போட்டுக்க துளசிமணி, அமைதியா இருக்கும், உனக்கும் வேலை ஓடும்"னு சொன்னாங்க. என் மேல அவ்வளவு அக்கறை. ஜன்னல் இல்லை, அது ஒண்ணுதான் குறை. அமைதி இருக்குது பாருங்க. சுவத்துக்கு அந்தப் பக்கம் இருபது மெஷின் ஓடுற சத்தம் இங்கே மழை பெய்யற மாதிரிதான் கேட்கும்.

ஸ்டூல் போட்டுக்குங்க. டிராயர்ல எண்ணெய்ப் புட்டி இருக்குது. துடைக்க அந்தப் பச்சைத் துணியை எடுத்துக்குங்க. ஆமா, அதுதான். நல்லா உறிஞ்சும், பருத்தி.

எங்க சங்கத்துக்கு நீங்க புதுசு இல்லீங்களா? பழைய மெக்கானிக்கு ஊருக்குப் போயிட்டாராம். அப்ப உங்களுக்கு எங்க வேலை தெரியாது. சொல்றேன். நாங்க நாற்பத்திரண்டு பொம்பளைங்க. கரூர்க் கம்பெனிங்களுக்கு ஒட்டுத்துணி விரிப்பு தைச்சுக் குடுக்கறோம். அவங்கவங்க கட்டம் கட்டமாத் தைப்பாங்க. ஒரு சாண், ஒன்றரைச் சாண் சதுரத்துல பூவு, நட்சத்திரம், கூடை, என்ன கேட்கறாங்களோ அது. தைச்ச கட்டமெல்லாம் என்கிட்ட வரும். அதை வரிசையா அடுக்கி, கட்டத்தோட கட்டம், வரிசையோட வரிசை சேர்த்து, மேல்விரிப்பு ஆக்கறது நான். சேர்ப்பு. பத்து வருஷமா நான் ஒருத்திதான்.

சேர்ப்புன்னா லேசுப்பட்டது இல்லீங்க தம்பி. ஒவ்வொருத்தி கை ஒவ்வொரு மாதிரி. ஒருத்தி இழுத்துத் தைப்பாள், ஒருத்தி தொளதொளன்னு விடுவாள். அத்தனை பேர் கோணலையும் நான் நேராக்கணும். முதல் வரிசையில தையல் மடிப்பை இடது பக்கம் சாய்ச்சு அயர்ன் பண்ணணும், அடுத்த வரிசையில வலது பக்கம். அப்பத்தான் வரிசையும் வரிசையும் சேர்றப்ப மடிப்புக்குள்ள மடிப்பு பல்லு மாதிரிப் பொருந்தும், மூலைக்கு மூலை நிக்கும். இதையெல்லாம் யார் பார்க்கறாங்க? சேர்ப்பு நல்லா இருந்தா ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாது. கெட்டுப்போனாத்தான் தெரியும். பத்து வருஷம் யார் கண்ணுக்கும் தெரியாம வேலை செஞ்சிருக்கேன்.

ஆட்டமா? ஆமாங்க, பின்னங்கால் ஒண்ணு குட்டை. அடியில முட்டுக் குடுத்திருக்கேன் பாருங்க. அது கிடக்கட்டும், முதல்ல மேலே பாருங்க.

போன வருஷம் ஒரு வெளிநாட்டம்மா வந்தாங்க, எங்க விரிப்பெல்லாம் வாங்கற அம்மா. நல்ல உயரம், தலைமுடி பூராவும் வெள்ளை. நான் சேர்த்த விரிப்பைத்தான் ஹால்ல நடுவுல விரிச்சு வச்சிருந்தோம். அறுபத்துநாலு கட்டம். ஒரு மூலை பிசகலை. அந்தம்மா சுத்திச் சுத்தி வந்து பார்த்தாங்க. நான் பக்கத்துலயே நின்னேன், புடவையெல்லாம் நல்லாக் கட்டிக்கிட்டு. கடைசியில அந்தம்மா ஒரு நட்சத்திரத்து மேல விரலை வச்சாங்க. எட்டு முனை நட்சத்திரம். "இதைத் தைச்சது யாரு?"

சம்பூரணம்.

என்னைவிட ஆறு வயசு சின்னவள். சங்கத்துல சேர்ந்தே மூணு வருஷம்தான் ஆச்சு. அவளைக் கூப்பிட்டு, அவள் கையைப் பிடிச்சு, விரலை எல்லாருக்கும் காட்டி, ஒரே சிரிப்பு. அவள் பொண்ணு இலக்கியா அப்பத்தான் பள்ளிக்கூடம் விட்டு வந்து நின்னுது. அதையும் சேர்த்து நிக்க வச்சு போட்டோ எடுத்தாங்க. ஆபீஸ்ல மாட்டியிருக்கு, நீங்க உள்ளே வர்றப்பவே பார்த்திருப்பீங்க. அதுல ஓரத்துல ஒரு முழங்கை தெரியும். அது நான்.

எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கலை, அது நெஞ்செரிச்சல். எனக்கு அடிக்கடி வரும்.

ருக்குன்னு ஒருத்தி இருக்காள், வாய்க்காரி. மறுநாள் அவள் என்னைப் பார்த்து, "ஏனுங்கக்கா, உங்க முழங்கை ரொம்ப லட்சணமா விழுந்திருக்குதே, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பலாமா?"ன்னாள். எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன். சம்பூரணம் மட்டும் சிரிக்கலை. "அக்கா சேர்க்கலைன்னா என் நட்சத்திரம் வெறும் துண்டுத் துணிதானே ருக்கு"ன்னாள். பார்த்தீங்களா கெட்டிக்காரத்தனத்தை? நல்ல பேரையும் வாங்கிக்கிட்டு, இரக்கமும் காட்டறாளாம்.

அப்புறம் கார்த்திகைக் கடைசியில அந்தப் பொண்ணு போயிருச்சுங்க. இலக்கியா. பதினேழு வயசு. மூணே நாள் காய்ச்சல். நான் போகாம இருப்பேனா? மாலை வாங்கிட்டுப் போனேன், கூட்டத்துல முதல் வரிசையில நின்னு அழுதேன். துக்கம் வேற, வேலை வேற. எனக்கு அந்த வித்தியாசம் நல்லாத் தெரியும்.

திருப்புளி அதோ உங்க முழங்கால்கிட்டக் கிடக்குது.

தை மாசம் சங்கத்துக்குப் பத்தாவது வருஷ விழா. டீச்சரம்மா ஒரு யோசனை சொன்னாங்க. நாற்பத்திரண்டு பேரும் ஆளுக்கொரு கட்டம், அவங்கவங்க வீட்டுத் துணியில, அவங்க மனசுக்குப் பிடிச்ச மாதிரித் தைக்கணும். எல்லாத்தையும் சேர்த்து ஒரே விரிப்பா ஹால் சுவத்துல மாட்டிடறது. விக்கறதுக்கு இல்லை, யாருக்கும் குடுக்கறதுக்கும் இல்லை. தினமும் தலை நிமிர்ந்தா அவங்கவங்க கட்டத்தை அவங்கவங்க பார்த்துக்கலாம். ஒருத்தி தன் கல்யாணப் புடவையை வெட்டினாள். ஒருத்தி புருஷன் லுங்கியை வெட்டி, "சுவத்துலயாவது அசையாம இருக்கட்டும்"னாள். ஒரே கூத்து.

கம்பெனி வேலைக்குன்னா துண்டெல்லாம் அளவா வெட்டியே வந்துரும், இவளுங்க தைச்சா போதும். இது வீட்டுல வெட்டறது. அப்ப அளவு யார் சொல்லணும்? சேர்க்கறவதான் சொல்லணும். எங்க வழக்கம் அது. நான் சொல்ற அளவுதான் அளவு. கட்டம் விரிப்புல பன்னிரண்டு அங்குலமா நிக்கணும்னா, தைக்கறப்ப பன்னிரண்டரை இருக்கணும். நாலு பக்கமும் கால் கால் அங்குலம் என் தையலுக்குள்ள போயிரும். அந்தக் கால் அங்குலம் இல்லேன்னா நட்சத்திரத்தோட முனையெல்லாம் தையல் தின்னுரும், மொட்டையாத் தெரியும். நான் அட்டையைப் பன்னிரண்டரைக்கு வெட்டி, மேலே அளவையும் எழுதி, ஆளுக்கு ஒண்ணு குடுத்தேன்.

சம்பூரணம் அன்னைக்கு வரலை. பொண்ணு போனதுக்கு முப்பதாம் நாள் கும்பிடறது அன்னைக்கு. நாலு நாள் கழிச்சு வந்தாள், ஆள் பாதியாகி. எல்லாரும் சாப்பிடப் போயிருந்தாங்க. நான் மட்டும் இருந்தேன். மடியில இருந்து ஒரு பாவாடையை எடுத்துக் காட்டினாள்.

"அக்கா, அவளோட துணி ஒண்ணுகூட வீட்ல இல்லீங்கக்கா. நான் பார்த்துப் பார்த்துச் சோறு திங்கமாட்டேங்கறேன்னு அவங்கப்பா எல்லாத்தையும் கட்டிக் கொண்டுபோய்க் குடுத்துட்டார். இது கொடியில காய்ஞ்சது, அவர் கண்ணுல படலை. இது ஒண்ணுதான் மிஞ்சினது. இதுல நட்சத்திரம் தைச்சுரட்டுமா? வீட்ல வச்சா இதையும் தூக்கிருவார். இங்கே சுவத்துல இருந்தா தினமும் பார்த்துக்குவேன். அளவு சொல்லுங்கக்கா."

அட்டை தீர்ந்துபோச்சு. அதனால வாயால சொன்னேன்.

பன்னிரண்டுன்னு சொன்னேன்.

என்ன அப்படிப் பார்க்கறீங்க? பொய்யா சொன்னேன்? சுவத்துல போய் டேப் வச்சுப் பாருங்க, ஒவ்வொரு கட்டமும் பன்னிரண்டுதான் இருக்கும். முடிஞ்ச அளவு பன்னிரண்டு. தையலுக்கு விடணும்னு தெரியாதா அவளுக்கு? அவ்வளவு பெரிய கைக்காரிக்கு? போட்டோவெல்லாம் எடுத்தாங்களே? கேட்டிருக்கணும். "முடிஞ்ச அளவாக்கா, வெட்டற அளவாக்கா"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கலை. என்னை நம்பிட்டாள்னா அதுக்கு நான் என்ன பண்ணறது?

அவள் ஒரு வாரம் தைச்சாள். எட்டு முனை. அந்தப் பாவாடைத் துணியில குட்டிக் குட்டியா வெள்ளைக் குடை போட்டிருக்கும். ஒவ்வொரு முனையிலும் ஒரு முழுக் குடை வர்ற மாதிரி வெட்டித் தைச்சிருந்தாள். அதுலயே பாவாடை தீர்ந்துபோச்சு. நான் அளவு வச்சுப் பார்த்தேன். பன்னிரண்டு. மயிரிழை கூடக்குறைய இல்லை. அரை அங்குலம் பத்தாது.

சுத்தியும் வேற துணியில ஒரு பட்டி வச்சுப் பெருசாக்கியிருக்கலாம்தான். கால் மணி நேர வேலை. கட்டம் குறைஞ்சா அப்படித்தான் பண்ணுவோம். ஆனா விழாவுக்கு நாலு நாள்தான் இருந்தது. ஒருத்திக்கு விட்டுக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேட்பாங்க. அளவுன்னா அளவு. நான் வேற கட்டம் தைச்சு அந்த இடத்துல வச்சேன். ரெண்டு மணி நேரம் ஆச்சு, பரவாயில்லைன்னு பண்ணினேன்.

என்னங்க அது கையில? காலடியில இருந்து உருவிட்டீங்களா? அது முட்டுக்கு வச்ச அட்டைங்க. ஆமா, பன்னிரண்டரைன்னு எழுதியிருக்கும். என் கையெழுத்துத்தான். அன்னைக்கும் அங்கேதான் இருந்தது. கால் அடியில கிடக்கறதை அட்டைன்னு யாருங்க கணக்குல எடுப்பாங்க? அது முட்டு. அதை எடுத்தா மெஷின் ஆடாதா? வைங்க, வைங்க. சரி, கட்டையே வைக்கறீங்களா, நல்லது.

விழா அன்னைக்கு விரிப்பை மாட்டினோம். ஆறுக்கு ஏழு. என் ஆயுசுலயே அப்படி ஒரு சேர்ப்பு பண்ணினதில்லீங்க. ஒருத்தி பாக்கியில்லாம ஓடிவந்து, "இதோ என்னுது, இதோ என்னுது"ன்னு தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க. சம்பூரணம் கடைசியா வந்தாள். சின்னப் பிள்ளை எழுத்துக் கூட்டறாப்ல முதல் வரிசையில விரலை வச்சு ஆரம்பிச்சாள். அது முடிஞ்சு ரெண்டாவது. மூணாவது. பேச்சுச் சத்தம் ஒவ்வொருத்தர்கிட்டயா நின்னு போச்சு. ஏழாவது வரிசையும் முடிஞ்சு, மறுபடி மேலேயிருந்து ஆரம்பிச்சாள். அப்ப ருக்குதான் கேட்டாள், "அஞ்சாவது வரிசையில நீலக்கூடை யாருது?"

"என்னுது"ன்னேன்.

"ரெண்டாவது வரிசையில இருக்கற நீலக்கூடை?"

"அதுவும் என்னுதுதான். ஒருத்தரோடது அளவு பத்தலை."

சம்பூரணம் திரும்பினாள். "நீங்க பன்னெண்டுன்னுதானேக்கா சொன்னீங்க?" அவ்வளவுதான். ருக்கு தன் அட்டையைக் கொண்டுவந்து அவள் முன்னால காட்டினாள். அதுல பன்னிரண்டரைன்னு இருந்ததைப் படிச்சாள். அப்புறமும் என்னைத் திட்டலை. "சரிங்கக்கா. என்னுதைக் குடுத்துருங்க"ன்னு கையை நீட்டினாள்.

வேஸ்ட்டுல போயிருக்கும்னு சொன்னேன்.

விழாவை விட்டுட்டு அப்படியே புதுப் புடவையோட பின்கட்டுக்குப் போனாள். வெட்டுத்துணி மூட்டை ஒன்பது கிடந்தது. அவிழ்த்துக் கொட்டி, ஒவ்வொரு துண்டா எடுத்துப் பார்த்தாள். ருக்கு உட்கார்ந்தாள், அப்புறம் நாலு பேர், அப்புறம் எல்லாரும். பாட்டும் இல்லை, சாப்பாடும் இல்லை. டீச்சரம்மாவே தரையில உட்கார்ந்து தேடினாங்க. நானும் நின்னேன். "அந்த மஞ்சக் கயிறு கட்டின மூட்டையில பார்த்தீங்களா?"ன்னு எடுத்துக் குடுத்ததே நான்தான். மறுநாள் வெண்ணெய்மலைப் பக்கம் வேஸ்ட் துணி குடோன் வரைக்கும் போனாளாம். அதுக்கு அடுத்த நாளும் போனாளாம். இப்பவும் ஞாயித்துக்கிழமையானா போறாளாம். அங்கே மலை மாதிரிக் கொட்டிக் கிடக்கும். கிடைக்குங்களா?

அதுக்கப்புறம்தான் என்னை இங்கே மாத்தினாங்க. மத்தியானம் முன்னெல்லாம் எல்லார் தூக்குலயும் ஆளுக்கொரு வாய் எடுத்துக்குவோம். இப்ப தனியா உட்கார்ந்து நிம்மதியாச் சாப்பிடறேன். யாரும் கை போடறதில்லை. ஹால்ல புதுசா ஒரு சேர்ப்பு மெஷின் போடப் போறாங்களாமே? நீங்கதான் மாட்டறீங்களா? எனக்குப் பாரம் குறையட்டும்னு டீச்சரம்மா பார்க்கறாங்க. அதுல சம்பூரணத்தை உட்கார வைக்கறதாப் பேச்சு. நட்சத்திரம் தைக்கறவளுக்குச் சேர்ப்பு வருமா? வரட்டும். என்கிட்ட வந்து அளவு கேட்காமலா இருப்பாள்?

என்னங்க தம்பி, துடைக்கறதை நிறுத்திட்டீங்க? அந்தத் தகட்டுக்கு அடியில இன்னும் பிசுக்கு இருக்குது பாருங்க.

ஏன் விரிக்கறீங்க அதை?

ஆமா. குடைதான்.

இருங்க, இருங்க. அப்படிப் பார்க்காதீங்க. நான் சொல்றதைக் கேளுங்க. வேஸ்ட்டுல போயிருக்கும்னுதான் சொன்னேன், போயிருச்சுன்னு சொல்லலை. விழாவுக்கு முந்தின நாள் மெஷினுக்கு எண்ணெய் விட்டப்ப கைக்கு எதுவும் கிடைக்கலை, டிராயர்ல இது கிடந்தது, எடுத்துட்டேன். அவள் கேட்கறப்பவே இதுல எண்ணெய்க் கறை. அதை எப்படிங்க அவள் கையில குடுக்கறது? பெத்தவள் மனசு என்ன பாடுபடும்? அந்தக் கோலத்துல பார்க்கறதைவிட, தொலைஞ்சு போச்சுன்னு இருக்கறது அவளுக்கு நல்லதில்லையா? அவள் நல்லதுக்குத்தான் பேசாம இருந்துட்டேன். அப்புறம் எப்படியும் கறையான துணிதானே, சும்மா போட்டு வைப்பானேன்னு.

முனையெல்லாம் பாருங்க, எப்படி நிக்குது. நல்ல கைதான். நான் இல்லைன்னு சொல்லவே மாட்டேன். இத்தனை நாள் தேய்ச்சும் ஒரு தையல் விட்டுக் குடுக்கலை.

மடிக்கறீங்களே… எதுக்குங்க சட்டைப் பைக்குள்ள வைக்கறீங்க? சட்டை எண்ணெயாயிரும் தம்பி. வேலை முடியலையே, எங்கே எழுந்துட்டீங்க? உங்க பை, திருப்புளி எல்லாம் இங்கேயே கிடக்குதே. தம்பி. ஏனுங்க தம்பி. உங்களுக்கும் எங்க சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்? நீங்க மெஷின் பார்க்க வந்தவரு. ஒரு பொம்பளை மனசுவிட்டுப் பேசினா…

போயிட்டாரு.

போகட்டும். குனியாமப் போனாரு, துணிக்கட்டுல தலை இடிச்சிருக்கும்.

ஹால் கதவு திறக்கற சத்தம். அது எப்பவும் கிறீச்சுங்கும், அதுக்கும் எண்ணெய் விடணும்.

ஒரு மெஷின் நின்னுருச்சு. அது வாசப்பக்கம் இருக்கற ருக்குவோடது, எனக்கு அவங்கவங்க மெஷின் சத்தம் தெரியும். அடுத்தது நின்னுருச்சு. நடுவரிசை நிக்குது. மூணு, நாலு… கரண்ட் போச்சா? இல்லை, என் லைட் எரியுதே. ஜன்னலோரத்துல ஒண்ணே ஒண்ணு மட்டும் ஓடுது. அது சம்பூரணம். அவள் தலை நிமிராம தைக்கறவள்.

அதுவும் நின்னுருச்சு.

ஒரு சத்தமும் இல்லை. அழுகைகூட இல்லை. இருபது மெஷின் நின்னா இந்த ரூம் இப்படியா இருக்கும்?

சரி. நாளைக்கு அனுப்பவேண்டிய விரிப்பு இருக்குது, மூணு வரிசைதான் ஆகியிருக்கு. நாலாவது வரிசை… மடிப்பு வலது பக்கம். மூலைக்கு மூலை குண்டூசி. தகட்டுல எண்ணெய் நிக்குது, துடைக்கணும். துணி எங்கே வச்சேன்…

முந்தானையிலயே துடைச்சுக்கறேன்.

டக். டக். டக். டக்.

உதைப்பு போயிருச்சு. நல்லாத்தான் பார்த்திருக்காரு.